எதிர்பார்க்கிறவனுக்குக் கால் வழுக்காது

ஏலே பேராண்டி, நாட்டுப்பற்று நல்ல சாமான்தான். ஆனா ஹீட்டர் போட்ட ரூமுக்குள்ள சோபாவுல சாஞ்சுக்கிட்டு, மடியில சிப்ஸ் பாக்கெட்ட வச்சுக்கிட்டு அத அளவுக்கு மிஞ்சி ஏத்துனா தலைக்குப் பித்தம் ஏறிரும். வான்கூவர்லயே பொறந்து வளந்த பய நீ. குளிர்கால ஒலிம்பிக் வந்துட்டாப் போதும், "இந்தத் தடவ எங்க நாடுதான் தாத்தா, எழுதி வச்சுக்கோங்க"ன்னு போன்ல கூப்பாடு போடுத. நானும் எழுதி எழுதி, பால்கணக்கு நோட்டுல இடமில்லாமப் போச்சு.

"தேரிக்காட்டுச் செம்மண்ணுல கிடக்க கிழவனுக்குப் பனிச்சறுக்கு பத்தி என்ன தெரியும்"னு உங்க அம்மா கேப்பா. நியாயமான கேள்விதான். எனக்குப் பனங்காடு தெரியும், பனிக்காடு தெரியாது. ஐஸ்கட்டிய சர்பத் கிளாஸ்ல மட்டுந்தான் பாத்திருக்கேன். ஆனா நீ வாங்கி அனுப்பிச்ச டேப்லெட்டு இருக்குல்லா, ராத்திரி உறக்கம் வராத நேரம் பூரா அதுலதான் உங்க கூத்தப் பாக்குதேன். வழுக்கி விழுதவனப் பாத்து எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்ல. செருப்புல கத்தியக் கட்டிக்கிட்டு ஐஸ் மேல ஓடுனா வழுக்கத்தான் செய்யும். வழுக்காம நிக்கான் பாரு, அவந்தான் ஆச்சரியம். அதவிடப் பெரிய ஆச்சரியம், அவன் விழுந்ததும் "எங்க மானத்த வாங்கிட்டியே"ன்னு சோபாவுலருந்து எந்திரிக்கிற ஆளு. எதிர்பார்க்கிறவனுக்கு எந்தக் காலத்துலயும் கால் வழுக்குறதே இல்லல்லா!

ஆகையினால, ஒரு நாடு எப்படி எதிர்பார்க்கணும்னு இன்னைக்கி உனக்குப் பாடம் எடுக்கேன். வேற எங்கயும் போக வேண்டாம். 2010-ல உங்க ஊர்லயே நடந்துதே, அந்தத் திருவிழா போதும்.

எதிர்பார்க்கணும்னு முடிவு பண்ணிட்டா அத மனசுக்குள்ள வச்சுக்கிடக் கூடாது. மொதல்ல தண்டோரா போடணும். உங்க ஆளுகளுக்கு அதுல ஒரு நியாயமும் இருந்துது. 1976-ல மான்ட்ரியல்ல கோடைக்கால ஒலிம்பிக் நடத்துனாவ. சொந்த மண்ணுல ஒரு தங்கம்கூடக் கிடைக்கல. 1988-ல கால்கரியில குளிர்கால ஒலிம்பிக் நடத்துனாவ; ரெண்டு வெள்ளி, மூணு வெண்கலம், தங்கம் பூஜ்யம். மூணாவது தடவையும் வெறுங்கையோட நின்னா வெளிய தலைகாட்ட முடியாதுன்னு பயம் வந்துட்டு. உடனே 2005-ல "ஓன் த போடியம்", அதாவது "பதக்க மேடையச் சொந்தமாக்கு"ன்னு ஒரு திட்டம். ஏறக்குறைய 11.7 கோடி கனடா டாலர், அஞ்சு வருசம். மொத்தப் பதக்கத்துல உலகத்துலயே மொத இடம்ங்கிறது இலக்கு. தெருவுல தோள் லேசா இடிச்சாக்கூட ரெண்டு தரம் மன்னிப்புக் கேக்குத சாதுவான ஜனம், போட்டி தொடங்குறதுக்கு முன்னாடியே பதக்க மேடைக்குப் பட்டா எழுதிக் கேட்டுது. வந்த விருந்தாளிங்க முகத்தச் சுளிச்சதுல என்ன தப்பு?

ஆண்டவன் தொடக்க விழாவுலயே ஒரு குறிப்பு குடுத்தான். 2010 பிப்ரவரி 12. தரைக்குள்ளருந்து நாலு தூணு எழும்பணும், நாலு பெரிய ஆளுங்க அதுக்குத் தீ வைக்கணும். மூணு தூணு எழும்பிச்சு. நாலாவது எழும்ப மாட்டேன்னுட்டு. ஸ்பீட் ஸ்கேட்டிங்குல ரெண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்குன கேத்ரியோனா லெ மே டோன், கையில தீவட்டியப் பிடிச்சுக்கிட்டு என்ன செய்யன்னு தெரியாம அப்படியே நின்னா. எந்திரம் வச்ச தூணே சொன்ன நேரத்துக்கு எந்திரிக்கல. ஆனா ரத்தமும் சதையுமா இருக்க பிள்ளைங்க மட்டும் சொன்ன தேதியில, சொன்ன மணிக்கு ஜெயிச்சுக் குடுக்கணும்னு நாடு பூரா காத்துக்கிடந்துது.

பனியாவது சொன்ன பேச்சக் கேட்டுதா? சைப்ரஸ் மலையில அந்த வருசம் பாத்துப் பனி இல்ல. வைக்கோல் கட்ட அடியில அடுக்கி, லாரியிலயும் ஹெலிகாப்டர்லயும் பனிய அள்ளிட்டு வந்து மேல பரப்புனாவ. நம்ம ஊருக்கு லாரியில தண்ணி வாரதப் பாத்திருக்கேன். பனி வாரத உங்க ஊர்லதாம்லே பாத்தேன்.

அந்த லாரிப்பனி மேலதான் மறுநாள் ஜெனிஃபர் ஹைல் இறங்குனா. மோகல்ஸ்னு ஒரு ஆட்டம். மேடு மேடா இருக்க சரிவுல முழங்கால் நெஞ்சுல இடிக்க இடிக்க இறங்கணும், நடுவுல ரெண்டு தரம் காத்துல தாவி வித்தை காட்டணும், அரை நிமிசத்துக்குள்ள கீழ வந்து சேரணும். 2006-ல டுரின்ல அவ தங்கம் வாங்குனவ. அதனால சொந்த மண்ணுல மொதத் தங்கம் இவகிட்டருந்துதான் வரணும்னு எல்லாருமாச் சேந்து தீர்மானம் பண்ணிட்டாவ. அவ விழல, தடுமாறல, நல்லாத்தான் இறங்குனா. அமெரிக்காக்காரி ஹன்னா கியர்னி அவளவிட நல்லா இறங்கிட்டா, அவ்வளவுதான். வெள்ளி. உலகத்துலயே ரெண்டாவது! நீ உன் ஆபீஸ்ல எத்தனாவதுன்னு நான் என்னைக்காவது கேட்டிருக்கேனா? ஆனா அன்னைக்கி ராத்திரி உங்க நாடு "தங்கம் போச்சே"ன்னு முனங்கிக்கிட்டுத்தான் படுத்துது.

நம்ம பக்கம் கல்யாண வீட்டுக்கு ஒரு பெரிய மனுசன் வருவாரு. நூத்தியோரு ரூவா மொய் எழுதுவாரு. மொதப் பந்தியில நடு இலையில உக்காருவாரு. பாயாசத்துல முந்திரி கம்மின்னு மூணு தலைமுறைக்குச் சொல்லிக்கிட்டுத் திரிவாரு. அந்த 11.7 கோடி டாலர அன்னைக்கி இருந்த உங்க ஜனத்தொகையால வகுத்துப் பாரு. ஆளுக்குச் சுமார் மூணரை டாலர் வரும். அதுவும் வருசத்துக்கு இல்ல, அஞ்சு வருசத்துக்கும் சேத்து. அதுலயும் ஒரு பங்கு கம்பெனிக்காரங்க குடுத்தது. மூணரை டாலர் மொய்க்குத் தங்கத்துல முந்திரி கேக்கியளேலே!

மறுநாள் பிப்ரவரி 14. அலெக்சாண்டர் பிலோதோங்கிற பய அதே மோகல்ஸ்ல தங்கம் வாங்கிட்டான். கனடா மண்ணுல கனடாக்காரன் வாங்குன மொத ஒலிம்பிக் தங்கம். ஊரே தலைகால் புரியாம ஆடுச்சு. அவன் அதிகமாப் பேசுனது என்னவோ பெருமூளை வாதத்தோட பொறந்த தன் அண்ணன் ஃப்ரெடரிக்கப் பத்தித்தான். அண்ணன் தினம் படுத பாட்டப் பாத்த பிறகு நமக்கு வார கஷ்டத்தப் பெருசாச் சொல்ல முடியுமாங்கிறது அவன் கணக்கு. நாட்டோட 34 வருசத்துப் பசியத் தூக்கிட்டு அவன் மலையேறல. அண்ணன மட்டும் நினைச்சுக்கிட்டு இறங்குனான், லேசா இறங்குனான்.

அவன் யாரத் தோக்கடிச்சான்னு கேளு, அதுதான் வேடிக்கை. டேல் பெக்-ஸ்மித். ஆஸ்திரேலியாவுக்காக ஆடி 2006-ல தங்கம் வாங்குனவன், 2010-ல வெள்ளி. எந்த ஊருல பொறந்தவன்? உன் ஊருதாம்லே, வான்கூவர். இன்டர்நெட்டுல வியாபாரம் பாத்துக்கிட்டே சறுக்குதேன்னு சொன்ன பயகிட்ட, உங்க பயிற்சிக்காரங்க அதெல்லாம் சரிப்பட்டு வராதுன்னுட்டாவ. அவன் பெட்டியக் கட்டிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டான். வீட்டுப் பிள்ளைய நெருக்கி வெளியூருக்கு அனுப்பிட்டு, அப்புறம் அவனத் தோக்கடிக்கக் கோடிக்கணக்குல செலவழிக்கிற சாமர்த்தியம் யாருக்கு வரும்?

இனிமே சொல்லப்போறதக் கேட்டுட்டு நீ கொஞ்சம் தலையக் குனிஞ்சாலும் தப்பில்ல. மெலிசா ஹாலிங்ஸ்வொர்த்னு ஒரு பிள்ள. அவ ஆட்டம் ஸ்கெலிட்டன். சின்னப் பலகையில குப்புறப் படுத்து, தலை முன்னால போக, தாடைக்கும் ஐஸுக்கும் ரெண்டு விரக்கடை இடைவெளியில, மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல பறக்கணும். ரெண்டு நாள்ல நாலு ஓட்டம். மூணு ஓட்டம் முடிஞ்சப்போ அவ ரெண்டாவது இடத்துல இருந்தா. நாலாவதுல சுவத்துல உரசிட்டு. அஞ்சாவது இடம். மைக்க நீட்டுன உடனே, நாட்டையே கைவிட்ட மாதிரி இருக்குன்னு சொல்லி அழுதா.

ஏலே, நான் தெரியாமத்தான் கேக்கேன். அவ என்ன உங்க சங்கத்துச் சீட்டுப்பணத்த எடுத்துக்கிட்டு ஓடுனாளா? அந்தக் குழாய்ப் பாதையில தலைகுப்புறப் போகச் சொன்னா நாட்டுல எத்தன பேரு வரிசையில நிப்பியோ? கண்ணீர் விட்டவ அவ. கணக்குப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தது நீங்க. அன்னைக்கி மன்னிப்புக் கேக்க வேண்டிய ஆளு மைக்குக்கு அந்தப் பக்கம் நிக்கல, டிவிக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்துது.

அதே ராத்திரி, அதே தடத்துல, ஜான் மான்ட்கோமரி தங்கம் வாங்குனான். ஏலம் போடுத தொழில்காரன். ஜெயிச்சுட்டு, தடம் இருக்க விசிலர் ஊருக் கடைவீதியில நடந்து வாரான், யாரோ ஒரு ஜாடி பீரக் கையில குடுக்காவ, வாங்கி மடமடன்னு குடிக்கான். நாடே கைதட்டுது. அவன் ஜெயிச்சது எவ்வளவு வித்தியாசத்துல தெரியுமா? நாலு ஓட்டத்தையும் கூட்டிப் பாத்தா 0.07 நொடி. கண்ணிமைக்கிற நேரம்கூட இல்ல. அந்த 0.07 நொடி அந்தப் பக்கம் சாஞ்சிருந்தா பீர் ஜாடிக்குப் பதிலா அவனுக்கும் மைக்கத்தான் நீட்டியிருப்பாவ. அன்னைக்கி ரெண்டாவது வந்த லாத்வியாக்காரன் மார்டின்ஸ் டுகுர்ஸ் ஆறு உலகப் பட்டம் வாங்குனவன். ஒலிம்பிக் தங்கம் கடைசி வரைக்கும் கைக்கு எட்டல. ஒருத்தன் எவ்வளவு பெரிய ஆளுங்கிறதுக்கும் குறிப்பிட்ட ஒரு நாள் ராத்திரி என்ன நடக்குங்கிறதுக்கும் நடுவுல பனி, காத்து, வெளிச்சம், கத்தியோட கூர்மைன்னு ஆயிரம் சாமி உக்காந்திருக்கு. அத்தனைக்கும் சேத்து ஒரு பிள்ளையப் பொறுப்பாளி ஆக்குறது எந்த ஊரு ஞாயம்?

சிரிக்க முடியாத ஒண்ணும் அந்தத் திருவிழாவுல நடந்துது. தொடக்க விழா அன்னைக்கே பயிற்சி ஓட்டத்துல, பலகையில சறுக்குத லூஜ் ஆட்டக்காரன், ஜார்ஜியா நாட்டு நோடார் குமாரிதாஷ்விலி விசிலர் தடத்துலருந்து தூக்கி எறியப்பட்டு, இரும்புத் தூணுல மோதிச் செத்துப்போனான். 21 வயசு. உள்ளூர் ஆளுங்க அந்தத் தடத்துல ஏகப்பட்ட தடவ பழகியிருந்தாவ; வெளிநாட்டுக்காரங்களுக்குக் கொஞ்சமாத்தான் விட்டாவன்னு முன்னமே முணுமுணுப்பு உண்டு. அந்த ஒண்ணுதான் அவன் உசுரக் குடிச்சுதுன்னு நான் சொல்ல வரல, அது எனக்குத் தகுதியில்லாத பேச்சு. ஆனா ஜெயிக்கணும்ங்கிற வெறியில வீட்டுத் தடத்தப் பூட்டி வச்சுக்கிட்டாவங்கிற பேச்சு அன்னைக்கி லேசுல அடங்கல.

பிப்ரவரி 21-ந் தேதி உங்களுக்கு ரெண்டு இடி. ஒண்ணு ஐஸ் ஹாக்கி. அமெரிக்கா 5-3-ன்னு அடிச்சிட்டு. 2006-ல ஏழாவது இடத்துக்குப் போன அணில்லா, ஊருல இழவு விழுந்த மாதிரி ஆயிட்டு. நிசமாவே இழவு விழுந்த வீடு ஒண்ணு அன்னைக்கி இருந்துது. ஃபிகர் ஸ்கேட்டிங் ஆடுத ஜோவானி ரோஷெட்டோட அம்மா, மக ஆட்டத்தப் பாக்க வான்கூவர் வந்து இறங்குன சில மணி நேரத்துல மாரடைப்புல போயிட்டாவ. ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பிள்ள ஐஸ் மேல இறங்குனா. அன்னைக்கி மட்டும் உங்க நாடு அவகிட்ட எதையும் கேக்கல. விழுந்தாலும் சரி, பாதியில நின்னாலும் சரி, இறங்காமலே போனாலும் சரின்னு கோடிப் பேரு மனசார நினைச்சாவ. அவ ஆடுனா, வெண்கலம் வாங்குனா. ஒரு நாடு எப்படி எதிர்பார்க்கணுங்கிறதுக்கு இந்தக் கிழவன் நீட்டி முழக்குததெல்லாம் வீண். அந்த ஒரு ராத்திரி நீங்களே சரியாத்தான் இருந்திய. அதுக்கு ஒரு தாய் சாகணுமாங்கிறதுதான் என் கேள்வி.

பாதித் திருவிழா தாண்டுனதும் உங்க அதிகாரிங்க மெல்ல வாயத் திறந்து, மொத்தப் பதக்கத்துல மொத இடம் இனிமே நடக்காதுன்னு ஒத்துக்கிட்டாவ. பேப்பர்ல கிழி கிழின்னு கிழிச்சாவ. பட்டா கேட்ட மேடைய அடுத்தவன் ஆக்கிரமிச்சுக்கிட்டான்! அதுக்கப்புறம் நடந்ததுதான் கூத்து. எதிர்பார்ப்ப இறக்கி வச்ச பிறகு பதக்கம் ஒண்ணு மேல ஒண்ணா வருது. பிப்ரவரி 28, ஹாக்கி இறுதி ஆட்டம், மறுபடி அமெரிக்கா. கோல்கீப்பர் மார்ட்டின் ப்ரோடரத் தோல்விக்குப் பிறகு உக்கார வச்சிட்டு, வான்கூவர் அணிக்கு ஆடுத ராபர்ட்டோ லுவாங்கோவ நிறுத்தியிருந்தாவ. ஆட்டம் முடிய அரை நிமிசம்கூட இல்லாதப்போ அமெரிக்காக்காரன் சமன் பண்ணிட்டான். கூடுதல் நேரத்துல சிட்னி க்ராஸ்பி அடிச்ச கோல்ல 3-2. நாட்டுல ஏறக்குறைய பாதிச் சனம் அன்னைக்கி டிவி முன்னால. நீயும் இருந்திருப்ப.

கடைசிக் கணக்கப் போடுவோம். கனடாவுக்கு 14 தங்கம். அதுவரைக்கும் எந்த நாடும் ஒரு குளிர்கால ஒலிம்பிக்குல அவ்வளவு தங்கம் வாங்குனதில்ல. மொத்தம் 26 பதக்கம்; அமெரிக்கா 37, ஜெர்மனி 30, அதுக்கு அடுத்துதான் நீங்க. 2006-ல உங்களுக்கு 7 தங்கம், மொத்தம் 24. ஆக, மொத்தப் பதக்கத்துல மொத இடம்னு தண்டோரா போட்டு, அஞ்சு வருசம் செலவழிச்சு, மொத்தத்துல கூடுனது ரெண்டே ரெண்டு. தண்டோராவுல அவ்வளவு தெளிவாச் சொல்லாத தங்கம் என்னவோ அப்படியே ரெட்டிப்பாயிட்டு! கேட்டது ஒண்ணு, கிடைச்சது வேற ஒண்ணு. அப்பவும் "நாங்க சொன்ன மாதிரியே நடந்துது"ன்னு மார் தட்டுன ஆளுங்க இருந்தாவ. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம். ஆட்டம் நல்லா அமைஞ்சா மேடை போட்டவன் தன் பேரச் சொல்லிக்கிட்டானாம்.

ஆனா ஒரு நியாயத்தச் சொல்லாம விட்டா எனக்குச் சோறு செமிக்காது. அந்தப் பணம் வீணாப் போகல. பயிற்சிக்காரன், வைத்தியன், நல்ல பலகை, நல்ல உடுப்பு, பழகுறதுக்குத் தடம், வெளிநாட்டுப் போட்டிக்குப் போக டிக்கெட்டு, இதுக்கெல்லாம் காசு வேணும். அந்தக் காசு இல்லன்னா அந்த 14 தங்கம் இல்ல. என் குத்தம் காசு மேல இல்லலே. காசக் குடுத்துட்டு, கூடவே தேதி போட்ட ரசீதையும் கேட்டிய பாரு, அது மேலதான்.

உங்க நாடாவது அழுத பிள்ளையப் பாத்து அப்புறமாச் சங்கடப்பட்டுது. ரசீது கேக்குதது முத்திப் போனா என்னாகும்னு ரஷ்யாவப் பாத்துக்கோ. அதே 2010-ல அவங்களுக்கு மூணே மூணு தங்கம். அதிபர் மெத்வதேவ், பொறுப்பானவங்க ராஜினாமா பண்ணணும்னு சத்தம் போட்டாரு. ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் தியகச்சோவ் பதவிய விட்டுட்டுப் போனாரு. அடுத்த ஒலிம்பிக் 2014-ல அவங்க ஊர்லயே, சோச்சியில. பதக்கப் பட்டியல்ல மொத இடம்! 2016-ல ஊக்கமருந்து மோசடிய விசாரிச்ச மெக்லாரன் அறிக்கை வந்தப்போ விசயம் உறுதியாச்சு: ராத்திரியோட ராத்திரியா, சோதனைக்கூடத்துச் சுவத்துல போட்ட ஓட்டை வழியா மூத்திரக் குப்பிய மாத்தியிருக்காவ. 2018-ல அந்த நாட்டுப் பிள்ளைங்க சொந்தக் கொடி இல்லாமத்தான் ஆட வேண்டியதாப் போச்சு. எதிர்பார்ப்பு அளவுக்கு மிஞ்சுனா மொதல்ல விழுறது சுவத்துல ஓட்டைதாம்லே.

அதோட விட்டாவளா? 2022 பெய்ஜிங். ஃபிகர் ஸ்கேட்டிங் ஆடுத ரஷ்யாக்காரி கமிலா வலியேவா, 15 வயசுப் பிள்ள. தங்கம் அவளுக்குத்தான்னு உலகமே சொல்லிச்சு. ஊக்கமருந்துச் சோதனையில மாட்டுன சேதி போட்டிக்கு நடுவுல வந்து விழுந்துது. அந்த வயசுல அந்தப் பாரத்தோட ஐஸ்ல இறங்கி, திரும்பத் திரும்ப விழுந்து நாலாவதா வந்தா. வெளிய வந்த பிள்ளைய அணைச்சுத் தண்ணி குடுப்பாவன்னு பாத்தா, ஏன் போராடாம விட்டன்னு கோச்சு கேக்குதாவ, உலகமே பாக்க. அன்னைக்கி நான் டேப்லெட்டக் கவுத்து வச்சிட்டுப் படுத்துட்டேன்.

அதே பெய்ஜிங்குல, மலைச்சரிவுல ஸ்கீ ஓட்டுத அமெரிக்காக்காரி மிக்கேலா ஷிஃப்ரின். அதுக்கு முன்ன ரெண்டு ஒலிம்பிக்குல ரெண்டு தங்கம் வாங்குனவ. இந்தத் தடவ எத்தன தங்கம்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருந்தாவ. மூணு போட்டியில தடத்த விட்டு விலகிட்டு, ஒரு பதக்கமும் இல்லாம ஊருக்குப் போனா. பனிமேட்டு ஓரத்துல தலையக் கவுத்துக்கிட்டு உக்காந்திருந்தவள கேமராக்காரன் விடவே மாட்டேன்னுட்டான். அவ்வளவுதான் இவ கதைன்னு எழுதுனாவ. 2023-ல, அந்தக் காலத்து ஸ்கீ வீரன் ஸ்டென்மார்க்கோட 86 உலகக் கோப்பை வெற்றியத் தாண்டுனா. 2025 பிப்ரவரியில நூறாவது வெற்றி. ஆணும் பொண்ணும் சேத்து, அந்த மலையில அவ்வளவு தூரம் ஏறுன ஆளு வேற கிடையாது. ரெண்டு வாரத்த வச்சு ஒரு ஆயுசுக்கு மார்க்குப் போட்ட வாத்தியார்மாரு இப்போ எங்க இருக்காவளோ!

எதிர்பார்ப்பே இல்லாம ஜெயிச்ச ஆளும் உண்டு. 2002, சால்ட் லேக் சிட்டி, ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் 1000 மீட்டர் இறுதி. ஆஸ்திரேலியாவோட ஸ்டீவன் பிராட்பரி கடைசியா வந்துக்கிட்டு இருந்தான். கடைசி வளைவுல முன்னால போன நாலு பேரும் ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்தாவ. இவன் நின்ன வாக்குல கோட்டத் தாண்டிட்டான். குளிர்கால ஒலிம்பிக்குல அவன் நாட்டுக்கு மொதத் தங்கம். அதிர்ஷ்டக்காரன்னு சிரிச்சாவ. 1994-ல தொடையில கத்தி பாஞ்சு 111 தையல், 2000-த்துல கழுத்தெலும்பு உடைஞ்சு போயி, அதுக்குப் பிறகும் ஐஸுக்கு வந்து நின்னவம்லே அவன். நிக்கிறவனுக்குத்தான் அதிர்ஷ்டமும் கிட்ட வரும்.

"அப்போ ஜெயிக்கவே ஆசைப்படக் கூடாதா தாத்தா"ன்னு கேப்ப. நார்வேயப் பாரு. 55 லட்சம் ஜனம். பழைய திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரின்னு நம்ம மூணு மாவட்டத்தச் சேத்தா அதவிடக் கூட. 2018-ல 39 பதக்கம், 2022-ல 16 தங்கத்தோட 37 பதக்கம். அங்க சின்னப் பிள்ளைங்க விளையாட்டுக்குன்னே ஒரு சட்டதிட்டம் வச்சிருக்காவ. 11 வயசு ஆகுற வரைக்கும் மொத இடம், ரெண்டாவது இடம்னு பட்டியல் போடக்கூடாது. 13 வயசு வரைக்கும் தேசியச் சாம்பியன் போட்டி கிடையாது. பிள்ள சிரிச்சுக்கிட்டு வந்து, சிரிச்சுக்கிட்டுப் போகணும். ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ள தானே வளரும்னு நாம சொல்லுதோம், அவங்க செய்யுதாவ. அவங்களும் முழு யோக்கியம்னு நினைச்சிராத. 2025-ல உலகச் சாம்பியன் போட்டி அவங்க ஊரு ட்ரொன்ஹைம்லயே நடந்தப்போ, ஸ்கீ ஜம்பிங் உடுப்புல தையல் வித்தை காட்டி மாட்டிக்கிட்டாவ. சொந்த ஊர்த் திருவிழான்னா நார்வேக்காரனுக்கும் கை அரிக்கத்தான் செய்யுது.

எங்க நாட்டப் பத்தி நீ கேக்காத. நாங்க 1964-லருந்து ஆளு அனுப்பிக்கிட்டு இருக்கோம். பதக்கம் ஒண்ணுகூட வாங்கினதில்ல, வாங்கலன்னு ஒருத்தரும் அழுததும் இல்ல. மணாலிக்காரன் சிவ கேசவன் 16 வயசுல, 1998-ல மொத தடவ ஒலிம்பிக் லூஜுல இறங்குனவன், மொத்தம் ஆறு ஒலிம்பிக் ஆடுனான். தடம் இல்லாம, பலகைக்குச் சக்கரம் மாட்டி மலை ரோட்டுல லாரிக்கும் ஆட்டுக்கூட்டத்துக்கும் நடுவுல பழகுனான். 2022-ல இந்தியாவுக்காகப் போனது ஒரே ஒருத்தன், காஷ்மீர்க்காரன் ஆரிஃப் கான். இவங்க மேல நாங்க எதிர்பார்ப்புங்கிற பாரத்த வைக்கவே இல்ல. காசும் வைக்கல. அது பெருந்தன்மை இல்லலே, மறதி. நீங்க மூணரை டாலர் மொய் எழுதிட்டு முந்திரி கேட்டிய. நாங்க கல்யாணத்துக்கே போகல. ரெண்டுல எது பெரிய குத்தம்னு நீயே முடிவு பண்ணிக்கோ.

முடிவாச் சொல்லுதேன், கேட்டுக்கோ. ஒலிம்பிக் ரெண்டு வாரந்தான். மீதி நாலு வருசம் அந்தப் பிள்ளைங்க என்ன செய்யுதுன்னு தெரிஞ்சுக்கோ. உன் ஊரு ஐஸ் அரங்கத்துல சின்னப் போட்டி நடந்தா டிக்கெட்டு வாங்கிப் போ, கைதட்ட ஆளில்லாதப்போ கைதட்டு. நாலாவதா வந்தவன் பேரையும் படிச்சு வையி. கணக்குக் கேக்கணும்னா திட்டம் போட்டவன்கிட்டக் கேளு, பணத்தப் பிரிச்சவன்கிட்டக் கேளு, தடம் கட்டுனவன்கிட்டக் கேளு. எதிர்பார்ப்ப அவங்க தோள்ல எவ்வளவு வேணும்னாலும் ஏத்து, நான் வேண்டாங்கல. ஐஸ் மேல நிக்க பிள்ள கழுத்துல மட்டும் ஏத்தாத. ஜெயிச்சுட்டு வந்தா கூடச் சேந்து ஆடு. தோத்துட்டு வந்தா, "சாப்பிட்டியா தாயி"ன்னு கேளு. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்க உனக்கும் உரிமை இல்ல, உன் நாட்டுக்கும் இல்ல.